தேக்கரண்டியின் அரை ஆயுட்காலம்

அறிவியல் ஆய்வுக் கட்டுரையின் நடையில் சிரிப்புக்கு இடமில்லை. செய்தவர் பின்னால் ஒதுங்கிக்கொள்ள, "அளக்கப்பட்டது", "ஒப்பிடப்பட்டது", "மேலும் ஆய்வு தேவைப்படுகிறது" என்று செயல்கள் மட்டும் வரிசையாக வந்து போகும். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் விண்மீனாகவோ புரதமாகவோ இருக்கும்வரை அந்த வரிசையைப் பார்த்து எவரும் சிரிப்பதில்லை. அதே நடையோடும் அதே அட்டவணைகளோடும் ஒருவர் யானையின் தோற்பரப்பையோ அலுவலகத்துத் தேக்கரண்டியையோ அணுகும்போதுதான், முறையின் விறைப்புக்கும் பொருளின் எளிமைக்கும் நடுவே ஒரு பள்ளம் விழுந்து, வாசகரின் கால் அதில் இடறுகிறது. நகை பிறக்கும் களன்களை நான்காக வகுத்த தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், பிறரை இகழும் எள்ளலை ஒரு களனாகவும், அறியாமையாகிய பேதைமையை வேறொரு களனாகவும் வைத்திருப்பது இங்கே பயன்படும் பாகுபாடாகும். ஆய்வுக்கூடத்தைச் சுற்றி எழும் சிரிப்பிலும் இவ்விரண்டும் தனித்தனியே ஒலிக்கின்றன. வெளியே நின்று வரிப்பணத்தைக் கணக்கிடுபவரின் சிரிப்பு பெரும்பாலும் எள்ளலாகவும், தமக்குத் தெரியாதது இன்னும் எவ்வளவு என்பதை உணர்ந்த ஆய்வாளர் தம்மையே பார்த்துச் சிரிப்பது பேதைமை சார்ந்ததாகவும் இருக்கிறது. இவ்விரு சிரிப்புகளையும் ஒன்றெனக் கொள்வதால் நேர்ந்த குழப்பங்கள் சிறியவை அல்ல.

மெல்பர்ன் நகரில் தொற்றுநோய்களையும் பொதுச் சுகாதாரத்தையும் ஆராயும் பர்னெட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சிலர், தங்கள் தேநீர் அறைகளிலிருந்து தேக்கரண்டிகள் தொடர்ந்து மறைவதைக் கண்டு, "எடுத்ததைத் திருப்பி வைக்கவும்" என்று சுவரில் ஒரு தாளை ஒட்டுவதோடு நிற்காமல், நோய்ப்பரவலை ஆராயும் முறைகளையே அந்தச் சிக்கலின்மீது ஏவினர். எளிதில் கண்ணில் படாதவாறு எண்ணிடப்பட்ட 70 தேக்கரண்டிகள் அறைகளில் வைக்கப்பட்டு, ஐந்து மாதங்களுக்கு வாரந்தோறும் எண்ணிப் பார்க்கப்பட்டன. முடிவில் 56 கரண்டிகள், அதாவது 80 விழுக்காடு, போன இடம் தெரியவில்லை. கதிரியக்கப் பொருள் ஒன்றிலுள்ள அணுக்களில் பாதி சிதைவதற்கு ஆகும் காலத்தை இயற்பியலார் அரை ஆயுட்காலம் என்பர். அந்தச் சொல்லைக் கூச்சமின்றி எடுத்தாண்ட இவ்வாய்வு, தேக்கரண்டியின் அரை ஆயுட்காலம் 81 நாள் என்று கணக்கிட்டது. குறிப்பிட்ட ஆய்வுக் குழுவுக்கு உரிய அறைகளைவிட, எல்லாரும் வந்து போகும் பொது அறைகளில் கரண்டிகள் விரைவாக மறைந்தன என்பதும் (அங்கே அரை ஆயுட்காலம் 42 நாள்தான்), விலை உயர்ந்த கரண்டியும் மலிவான கரண்டியும் ஒரே வேகத்தில்தான் மறைந்தன என்பதும், 70 என்ற எண்ணிக்கையை நிலைநிறுத்த வேண்டுமானால் ஆண்டுக்குச் சுமார் 250 கரண்டிகள் வாங்கியாக வேண்டும் என்பதும் இதன் பிற முடிவுகள். பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் தத்தம் ஆதாயம் கருதி ஒரு மாட்டைக் கூடுதலாக ஓட்டிவிட, கடைசியில் நிலமே தரிசாகும் என்ற பொருளியல் கருத்து, இங்கே மேய்ச்சல் நிலமோ மாடோ இல்லாமல் ஒரு தேநீர் அறைக்குள் அளந்து காட்டப்பட்டுவிட்டது. கட்டுரையில் கேலிக்கென்று எழுதப்பட்ட சொல் தேடினாலும் கிடைப்பது அரிது. அளவீடு முழுக்க உண்மை, சிரிப்பும் முழுக்க உண்மை.

இக்கட்டுரை 2005 டிசம்பரில் வெளிவந்த 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்', கிறிஸ்துமஸையொட்டிய இதழில் மட்டும் இத்தகைய ஆய்வுகளுக்கு இடமளிப்பதை 1980களிலிருந்து வழக்கமாக வைத்திருக்கிறது. அவற்றுள் மருத்துவர்கள் இன்றும் அடிக்கடி மேற்கோள் காட்டுவது வான்குடை, அதாவது பாராசூட், பற்றிய இரண்டு கட்டுரைகளை. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தும் மற்றொன்றுக்குப் போலி மருந்தும் கொடுத்து விளைவை ஒப்பிடும் சமவாய்ப்புச் சோதனையே இன்றைய மருத்துவத்தில் மிக உயர்ந்த சான்றாக மதிக்கப்படுகிறது. கார்டன் ஸ்மித், ஜில் பெல் ஆகியோர் 2003இல், வான்குடை உயிர் காக்கும் என்பதற்கு அத்தகைய சோதனை ஒன்றுகூட நடத்தப்படவில்லை என்று முறைப்படி தேடிக் கண்டறிந்து, சான்று சான்று என்று பிடிவாதம் பிடிப்பவர்களே அந்தச் சோதனைக்கு முன்வரலாம் என்று பரிந்துரைத்தனர். 15 ஆண்டுகள் கழித்து, 2018இல், அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் அதை உண்மையிலேயே நடத்திவிட்டனர். 23 பேர் விமானத்திலிருந்து குதித்தனர். ஒரு பகுதியினரின் முதுகில் வான்குடையும் மற்றவர்களின் முதுகில் வெறும் பையும் இருந்தன. இறப்பிலும் பெருங்காயத்திலும் இரு குழுக்களுக்கும் எந்த வேறுபாடும் இல்லை, இரண்டிலும் சுழியம். தலைப்பையும் முடிவுரையையும் மட்டும் படித்துவிட்டுப் போகிறவர், வான்குடையால் பயனில்லை என்று மேடையில் முழங்கலாம். உள்ளே பொறுமையாகப் படிப்பவருக்குத்தான், விமானம் தரையில் அசையாமல் நின்றது என்பதும், குதித்த உயரம் சராசரியாக 0.6 மீட்டர் என்பதும் தெரியவரும். உண்மையான ஆபத்தில் இருப்பவர்கள் சோதனைக்கு உடன்படமாட்டார்கள், உடன்படுபவர்கள் ஆபத்தில் இருப்பதில்லை என்ற புள்ளியியல் சிக்கலை இவ்வளவு சுருக்கமாக விளக்கும் பாடநூல் பகுதி எதுவும் எளிதில் நினைவுக்கு வரவில்லை.

இத்தகைய ஆய்வுகளுக்கென்றே ஆண்டுதோறும் ஒரு விழா எடுக்கலாம் என்று எண்ணியவர் அமெரிக்கரான மார்க் ஏபிரகாம்ஸ். 'இழிந்தது' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லோடு நோபல் என்ற பெயரைச் சிலேடையாகப் பிணைத்த 'இக் நோபல்' பரிசு 1991இல் தொடங்கியது; முதலில் சிரிக்கவைத்துப் பின்னர்ச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கு உரியது என்பதே அதன் இலக்கணம். பல ஆண்டுகள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சாண்டர்ஸ் அரங்கில் நடந்த அந்த விழாவில், உண்மையான நோபல் பரிசு பெற்றவர்களே பரிசுகளை எடுத்துக் கொடுப்பர். அவையோர் காகித விமானங்களை மேடைமீது எறிவர். அந்தக் காகிதங்களைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளும் பணியைப் பல ஆண்டுகள் செய்த ராய் கிளாபர் என்ற இயற்பியலாளர், 2005இல் தாமே நோபல் பரிசு பெற்றார். ஏற்புரை நீண்டால் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி மேடையேறி, பேசுபவரின் எதிரே நின்று, தனக்குச் சலிப்பாக இருக்கிறது, நிறுத்துங்கள் என்று அவர் நிறுத்தும்வரை சொல்லிக்கொண்டே இருப்பாள். தமிழ்நாட்டின் இலக்கியக் கூட்டங்களுக்கும் உடனடியாக இறக்குமதி செய்யத்தக்க ஏற்பாடு இது. பரிசுத் தொகையாகப் பல ஆண்டுகள் வழங்கப்பட்டது பத்து லட்சம் கோடி ஜிம்பாப்வே டாலருக்கான ஒற்றைத் தாள். பணவீக்கத்தில் மதிப்பிழந்து போன அந்தத் தாளுக்கும் ஒரு பரிசு வரலாறு உண்டு. ஒரு சென்ட்டில் தொடங்கி நூறு லட்சம் கோடி வரையிலான தாள்களை அச்சிட்டு, மிகச் சிறிய எண்ணிலிருந்து மிகப் பெரிய எண் வரை கையாளும் பயிற்சியை மக்களுக்கு அன்றாடம் அளித்தமைக்காக, அந்நாட்டு மைய வங்கியின் ஆளுநருக்கு 2009இல் கணிதப் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது.

கணிதப் பரிசு தென்னிந்தியாவுக்கும் வந்திருக்கிறது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே.பி. ஸ்ரீகுமார், ஜி. நிர்மலன் ஆகியோர் 1990இல் வெளியிட்ட, இந்திய யானையின் உடற்பரப்பைக் கணக்கிடும் முறை பற்றிய கட்டுரைக்கு 2002இல் இக் நோபல் கிடைத்தது. தலைப்பைக் கேட்டவுடன் அளவுநாடாவோடு யானையைச் சுற்றிவரும் இருவர்தான் எவர் மனக்கண்ணிலும் தோன்றுவர். சிரிப்பும் அங்கேயே தொடங்கிவிடும். ஆனால் அந்தக் கேள்வியின் பின்னாலிருக்கும் உடலியல், சிரித்து முடித்தவரைச் சற்று நிறுத்திவைக்கும் தன்மையது. ஒரு விலங்கின் நீளம், அகலம், உயரம் மூன்றும் இரு மடங்கானால் அதன் பரப்பு நான்கு மடங்காகவும் பருமன் எட்டு மடங்காகவும் பெருகும். வெப்பத்தை உண்டாக்குவது பருமன், வெளியேற்றுவது பரப்பு என்பதால், பெரிய விலங்குக்கு எப்போதும் வெப்பத்தை வெளியேற்றும் வாயில் போதாமலே இருக்கும். தோலில் வியர்வைச் சுரப்பிகள் இல்லையென்றே சொல்லத்தக்க யானை, சேற்றைப் பூசியும் நீரை இறைத்தும், இரத்தக் குழாய்கள் நிறைந்த காதை ஓயாமல் அசைத்தும் இந்தப் பற்றாக்குறையைச் சமாளிக்கிறது. ஆகவே பரப்பு எவ்வளவு என்று தெரியாமல் யானையின் வெப்பக் கணக்கையோ அதன் வளர்சிதைமாற்ற வேகத்தையோ எழுத முடியாது. எழுத வேண்டுமானால் யாரேனும் ஒருவர் நாடாவோடு போயே ஆக வேண்டும்.

அவ்வாறு போனவர்கள் கண்டது, தோள் உயரத்தையும் முன்காலடியின் சுற்றளவையும் அளந்தாலே மொத்தப் பரப்பை நம்பத்தக்க அளவில் மதிப்பிட ஒரு சமன்பாடு அமையும் என்பதாகும். காதையும் துதிக்கையையும் அளக்க யானை ஒத்துழைக்க வேண்டும். காலடியை அளக்க அது ஓரிடத்தில் நின்றாலே போதும். முன்காலடிச் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் ஏறத்தாழத் தோள் உயரம் கிடைக்கும் என்ற கணக்கு பாகர்களுக்கும் வனத்துறையினருக்கும் நெடுங்காலமாகத் தெரிந்ததே. மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்தே கடந்து போன யானையின் உயரத்தைச் சொல்பவர்கள் அவர்கள். கட்டுரை அந்தக் கைக்கணக்கின் வழியிலேயே இன்னும் ஓர் அடி எடுத்துவைத்தது. இதே நாட்டுக்கு முந்தைய ஆண்டு, 2001இல், கிடைத்த பரிசும் இத்தகையதே. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த சித்தரஞ்சன் ஆண்ட்ரதே, பி.எஸ். ஸ்ரீஹரி ஆகியோர், பள்ளி மாணவர்கள் 200 பேரிடம் வினவி, மூக்கு நோண்டுவது வளரிளம் பருவத்தினரிடையே ஏறக்குறைய எல்லாரிடமும் உள்ள பழக்கம் என்றும், நாளொன்றுக்கு நான்கு முறை என்பது அதன் இடைநிலை அளவு என்றும் கண்டனர். ஒரு பழக்கம் எந்த அளவைத் தாண்டினால் நோய் என்பதை முடிவுசெய்ய, நோயில்லாதவர்களிடம் அது எவ்வளவு என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும் என்பது மனநல மருத்துவத்தின் அரிச்சுவடி.

சென்னை ஐஐடியில் பயின்று ஹார்வர்டில் பேராசிரியரான எல். மகாதேவனுக்கும், சிலி நாட்டு இயற்பியலாளர் என்ரிக்கே செர்டாவுக்கும் 2007இல் இயற்பியல் பரிசைப் பெற்றுத் தந்தவை சுருக்கங்கள். மெல்லிய பாலித்தீன் தாளின் இரு முனைகளையும் பிடித்து இழுத்தால், இழுக்கும் திசைக்கு இணையாக வரிவரியாகச் சுருக்கம் விழுவதை எவரும் பார்த்திருக்கலாம். அந்த வரிகளுக்கு இடையேயான தொலைவைத் தீர்மானிப்பது எது என்று கேட்ட இருவரும், தாளை வளைப்பதற்கு ஆகும் ஆற்றலும் அதை நீட்டுவதற்கு ஆகும் ஆற்றலும் ஒன்றோடொன்று பேரம் பேசி எட்டும் உடன்பாடே அந்த இடைவெளி என்று காட்டி, தாளின் தடிமன், நீளம், இழுவிசை ஆகியவற்றைக் கொண்டு அதைக் கணிக்கும் விதியையும் எழுதினர். அதே கருத்து, மென்மையான அடித்தளத்தின்மேல் சற்று விறைப்பான மேல்தோல் படிந்திருக்கும் பொருள்களுக்கும் பொருந்தும் என்பதால், வாடிய பழத்தின் தோலையும் முதியவரின் புறங்கையையும் ஒரே கணக்கின் கீழ்க் கொண்டுவர முடிகிறது.

இக் நோபல் வரலாற்றில் மிகுதியாகப் பேசப்பட்ட தவளை, நெதர்லாந்தின் நெய்மேகன் நகரில், செங்குத்தான குழல் வடிவக் காந்தம் ஒன்றின் நடுவே, எதையும் தொடாமல் மிதந்தது. அங்கே பணியாற்றிய ஆந்திரே கெய்ம், ஒரு வெள்ளிக்கிழமை மாலையில், ஆய்வுக்கூடத்தின் வலிமை மிகுந்த மின்காந்தம் முழு ஆற்றலோடு இயங்கிக்கொண்டிருந்தபோது, அதன் குழலுக்குள் நீரை ஊற்றிப் பார்த்தார். பல லட்சம் மதிப்புள்ள கருவிக்குள் தண்ணீர் ஊற்றுவது எந்த ஆய்வுக்கூட விதியிலும் இடம்பெறாத செயல். ஆனால் நீர் கீழே விழாமல் உருண்டைகளாக அந்தரத்தில் நின்றது. இதற்கான விளக்கம் டயாகாந்தத் தன்மை எனப்படுவதில் இருக்கிறது. எந்தப் பொருளைக் காந்தப்புலத்தில் வைத்தாலும், அதன் எலக்ட்ரான்களின் இயக்கம் அந்தப் புலத்தை எதிர்க்கும் வகையில் மிக நுண்ணிய அளவில் மாறுகிறது. நீர், மரம், நெகிழி, உயிருள்ள தசை ஆகியவற்றில் இந்த எதிர்ப்பு மட்டுமே மேலோங்கி நிற்பதால், அவை காந்தத்தால் மெலிதாக விலக்கப்படுகின்றன. இரும்பை ஈர்க்கும் விசையோடு ஒப்பிட்டால் இது கோடிக்கணக்கில் ஒரு பங்கு போன்றது என்பதால் அன்றாட வாழ்வில் எவர் கண்ணுக்கும் படுவதில்லை. ஆனால் 16 டெஸ்லா அளவுள்ள புலம், குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் காந்தத்தினுடையதைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்டது. அங்கே அந்த மெலிந்த விலக்கு விசை, புவியீர்ப்பைச் சரிக்குச் சரி ஈடுகட்டிவிடுகிறது.

தவளையின் உடலில் பெரும்பகுதி நீர் என்பதால் நீருக்கு நடந்தது அதற்கும் நடந்தது. கயிற்றில் தொங்குவதுபோல ஓரிடத்தில் மட்டும் விசை விழாமல், அதன் ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனியே தாங்கப்பட்டதால், விண்கலத்தில் எடையின்றி மிதக்கும் நிலைக்கு நிகரான ஒன்றைத் தவளை நெய்மேகனிலேயே அடைந்தது. எந்தக் கேடும் இல்லாமல் கீழே இறங்கவும் செய்தது. நிலையான காந்தங்களைக் கொண்டு ஒரு காந்தத்தை அந்தரத்தில் அசையாமல் நிறுத்த முடியாது என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஏர்ன்ஷா தேற்றம் நிறுவியிருந்தது. டயாகாந்தப் பொருள்களை அந்தத் தடை கட்டுப்படுத்தாது என்பதைக் கணக்கிட்டு விளக்கியவர் பிரிஸ்டலைச் சேர்ந்த மைக்கேல் பெரி. இருவரும் 2000இல் இக் நோபலைப் பகிர்ந்துகொண்டனர். பரிசை ஏற்பதா என்று முன்கூட்டியே தனிப்பட்ட முறையில் கேட்டுவிட்டுத்தான் அமைப்பாளர்கள் அறிவிப்பர் என்பதால், மறுத்துவிடும் வாய்ப்பு இருவருக்கும் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளைத் தம் துறைக்கு வெளியேயுள்ள வேடிக்கைச் சோதனைகளுக்கென்று ஒதுக்கும் பழக்கத்தைக் கெய்ம் பின்னர் மான்செஸ்டருக்கும் எடுத்துச் சென்றார். அங்கே பென்சில் கரியான கிராஃபைட்டின் மேற்பரப்பைத் துப்புரவாக்க ஒட்டி உரித்துவிட்டுக் குப்பைத் தொட்டியில் போடப்படும் செல்லோ டேப்பில் மிக மெல்லிய கரிப்படலங்கள் ஒட்டியிருப்பதைக் கவனித்ததிலிருந்து, ஒற்றை அணுத் தடிமனுள்ள கிராஃபீன் 2004இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதற்காக அவரும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் 2010இல் உண்மையான நோபல் பரிசைப் பெற்றனர்.

தவளைக்கும் கிராஃபீனுக்கும் முடிச்சுப் போட்டு, வேடிக்கை ஆய்வு எப்படியும் ஒருநாள் பெரும்பயன் தரும் என்று வாதிடுவது பரவலான வழக்கம். அந்த வழக்கம் தோன்றியதற்கான காரணத்தை அமெரிக்க நாடாளுமன்றத்தில் தேட வேண்டும். விஸ்கான்சின் மாநில செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மைர், வீண் என்று தாம் கருதிய அரசுச் செலவுகளுக்கு 1975 முதல் 1988 வரை 'தங்கக் கம்பளி' என்றொரு கேலிப் பரிசை அறிவித்துவந்தார். ஆட்டின் கம்பளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், ஒருவரை ஏமாற்றி மொட்டையடிப்பதையும் குறிக்கும் என்பது அதிலுள்ள சிலேடை. முதல் பரிசே, மனிதர்கள் ஏன் காதல் வயப்படுகிறார்கள் என்ற ஆய்வுக்கு 84,000 டாலர் வழங்கிய தேசிய அறிவியல் அறக்கட்டளைக்குப் போயிற்று. விலங்குகள் சினமடையும்போது தாடையை இறுக்குவதை அளந்த ரொனால்டு ஹட்சின்சன் என்ற ஆய்வாளர் மட்டும் இதைச் சிரித்துக் கடக்க மறுத்து வழக்குத் தொடுத்தார். அவைக்கு வெளியே செய்தியறிக்கைகளிலும் மடல்களிலும் சொன்னவற்றுக்கு நாடாளுமன்ற உறுப்பினருக்குரிய பாதுகாப்புக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1979இல் தீர்ப்பளிக்க, வழக்கு பின்னர் சமரசத்தில் முடிந்தது. பிரிட்டனில் இதன் எதிரொலி வேறு விதமாகக் கேட்டது. காலை உணவுத் தானியச் சீவல்கள் நீரில் ஊறி நமத்துப்போவதை ஆராய்ந்த நாரிச் நகர ஆய்வாளர்களுக்கு 1995இல் இக் நோபல் கிடைத்து, அந்நாட்டுப் பத்திரிகைகள் அதைக் கிண்டல் செய்தபோது, அரசின் தலைமை அறிவியல் ஆலோசகராக இருந்த ராபர்ட் மே, இனிமேல் பிரிட்டிஷ் அறிவியலாளர்களுக்கு இப்பரிசை வழங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருக்கு எதிராக எழுந்தவர்களில் பலர் பிரிட்டிஷ் அறிவியலாளர்களே. எள்ளலுக்கும் மற்றைச் சிரிப்புக்கும் உள்ள வேறுபாட்டை ஆலோசகரைவிட அவர்கள் தெளிவாக உணர்ந்திருந்தனர் என்றே கொள்ள வேண்டும்.

பிராக்ஸ்மைருக்குப் பிந்திய மறுமொழியாக 2012இல் தொடங்கியது 'தங்க வாத்து' என்ற பரிசு. கேட்பதற்கு நகைப்பாகத் தோன்றிப் பின்னர் பெரும்பயன் விளைத்த ஆய்வுகளுக்கு இது உரியது. திருகுப்புழு ஈ என்ற ஈயின் இனச்சேர்க்கையை ஆராய்ந்த எட்வர்டு நிப்ளிங், ரேமண்ட் புஷ்லேண்ட் ஆகியோர் இதனால் 2016இல் சிறப்பிக்கப்பட்டனர். கால்நடைகளின் புண்ணில் முட்டையிட்டு, உயிருள்ள தசையைப் புழுக்கள் தின்னச் செய்யும் இந்த ஈயினத்தில், பெண் ஈ வாழ்நாளில் ஒரே முறைதான் கூடும் என்பதே அவர்கள் பற்றிக்கொண்ட நுனி. கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் ஈக்களைப் பெருந்திரளாகப் பறக்கவிட்டால், அவற்றோடு கூடிய பெண் ஈக்கள் இடும் முட்டை எதுவும் பொரியாது. 1954இல் குராசோ தீவில் இம்முறை வெற்றி கண்டது. இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது பார்ட் நோல்ஸ் என்ற டச்சு ஆய்வாளரின் பணி. மலேரியாவைப் பரப்பும் ஆப்பிரிக்கக் கொசு மனிதரின் பாதத்தையே நாடிக் கடிப்பதைக் கண்ட அவர், கால் விரலிடுக்கில் நாற்றத்தை உண்டாக்கும் பாக்டீரியாவின் நெருங்கிய உறவே லிம்பர்கர் என்ற பாலாடைக்கட்டியின் நாற்றத்துக்கும் காரணம் என்பதால், அந்தப் பாலாடைக்கட்டிக்கும் கொசு மயங்குமா என்று சோதித்தார், மயங்கியது. கொசுப் பொறிகளுக்கான இரை தேடும் முயற்சிக்கு இது உதவியது. 2006இல் இக் நோபலும் வந்தது. இவையெல்லாம் மெய்யான வெற்றிகளே. எனினும், பயன் விளைந்த ஆய்வுகளை மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்டிச் சிரிப்பவரின் வாயை அடைக்க முயல்வது, கணக்குப் பிள்ளையின் அளவுகோலையே ஏற்றுக்கொண்டு அவரோடு வாதிடுவதாகும். பயன் எதுவும் விளையாத ஆய்வு அந்த அளவுகோலில் தோற்றே போகும்.

ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளுக்குள் தாமே ஒளித்துவைக்கும் குறும்புகள் வேறொரு வகை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜாக் ஹெதரிங்டன், திட நிலையிலுள்ள ஹீலியம் பற்றிய ஒரு கட்டுரையைத் தனியாக எழுதி முடித்த பிறகு, அதில் நெடுகிலும் 'நாங்கள்' என்றே எழுதியிருப்பதை நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டினார்; ஒற்றை ஆசிரியர் அவ்வாறு எழுதினால் இதழ் ஏற்காது. தட்டச்சுக் காலமாதலால் முழுவதையும் மீண்டும் அடிக்க வேண்டும். அதைவிட எளிதான வழியாக, தம் வீட்டுச் சியாமியப் பூனை செஸ்டரை எஃப்.டி.சி. வில்லார்டு என்ற பெயரில் இணையாசிரியராகச் சேர்த்துவிட்டார். கட்டுரை 1975இல் 'பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் வெளிவந்தது. பின்னர்ச் சில படிகளில் இணையாசிரியரின் ஒப்பமாகப் பாதத் தடமும் பதிக்கப்பட்டது. டெனிஸ் அப்பர் என்ற உளவியலாளர், எழுத்து வராமல் தடைப்படும் நிலைக்குத் தாமே மருத்துவம் செய்துகொண்டு தோற்றதைப் பற்றி 1974இல் வெளியிட்ட கட்டுரையில், தலைப்புக்குக் கீழே ஒரு சொல்லும் இல்லை. எலுமிச்சைச் சாறும் ஊடுகதிரும் கொண்டு சோதித்தும் குறையொன்றும் காணமுடியவில்லை என்ற மதிப்பீட்டாளரின் குறிப்பும் அதோடு அச்சானது.

குறும்புகள் எல்லாமே ஒருவருக்கும் நோகாமல் முடிந்தன என்று சொல்லிவிட முடியாது. பேரண்டத்தின் தொடக்க வெப்பத்தில் தனிமங்கள் உருவான முறையைப் பற்றி ரால்ஃப் ஆல்ஃபர் என்ற ஆய்வு மாணவரும் அவருடைய நெறியாளர் ஜார்ஜ் கேமோவும் எழுதிய கட்டுரையில், ஆல்ஃபா, பீட்டா, காமா என்ற கிரேக்க எழுத்துகளின் வரிசை ஒலிக்க வேண்டும் என்பதற்காகவே ஹான்ஸ் பெத்தேயின் பெயரைக் கேமோ நடுவில் சேர்த்தார். 1948 ஏப்ரல் முதல் நாளிட்ட இதழில் அது வந்தது. புகழ்பெற்ற இரு பெயர்களுக்கு நடுவே தம் உழைப்பு மறைந்துபோனதாக ஆல்ஃபருக்கு ஏற்பட்ட வருத்தம் நெடுநாள் நீடித்தது. பழ ஈக்களையும் பிற உயிரிகளையும் ஆராய்பவர்கள் மரபணுக்களுக்குச் சூட்டும் பெயர்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. இதயம் உருவாகாமல் போகச் செய்யும் மரபணுப் பிறழ்வுக்கு, கதையில் வரும் இதயமற்ற தகர மனிதனை நினைத்து 'டின்மேன்' என்று பெயரிட்டது ஈயின் அளவில் அழகான சிலேடைதான். ஆனால் விளையாட்டுக் கதாபாத்திரமான முள்ளெலியின் பெயரைத் தாங்கிய 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்' மரபணு மனிதரிடமும் இருக்கிறது. அதில் பிறழ்வு நேர்ந்தால் கருவின் மூளை இரு பாதியாகப் பிரியாமல் போகலாம். குழந்தையின் நிலையைப் பெற்றோருக்கு விளக்க வேண்டிய மருத்துவர் அந்தப் பெயரை உச்சரிக்க நேரும் இடத்தில், ஆய்வுக்கூடத்துச் சிரிப்பு எவருக்கும் உதவுவதில்லை.

பயனைக் கொண்டோ குறும்பைக் கொண்டோ விளக்க முடியாத ஓர் ஆய்வு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ நூறாண்டுகளாக நடந்துவருகிறது. தோணிகளின் பலகை இடுக்குகளில் நீர் புகாமல் பூசப்படும் கீல், சுத்தியலால் தட்டினால் கண்ணாடியைப்போல் நொறுங்கும்; ஆயினும் அது திண்மம் அல்ல, மிகமிக மெதுவாக ஓடும் ஒரு நீர்மமே என்று மாணவர்களுக்குக் காட்ட விரும்பிய தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர், 1927இல் அதை உருக்கி, அடி மூடிய கண்ணாடிப் புனல் ஒன்றில் ஊற்றினார். படிந்து அமைய மூன்றாண்டுகள் விட்டு, 1930இல் புனலின் காம்பை வெட்டித் திறந்தார். முதல் சொட்டு விழ எட்டு ஆண்டுகள் ஆயின. இரண்டாவது 1947இல் விழுந்தது. அடுத்த ஆண்டு பார்னெல் இறந்தார். ஓடுவதற்கு ஒரு நீர்மம் காட்டும் தயக்கத்தைப் பாகுநிலை என்பர். இச்சொட்டுகளைக் கொண்டு கணக்கிட்டதில், கீலின் பாகுநிலை நீரினுடையதைப் போல் ஏறத்தாழ 23,000 கோடி மடங்கு என்று தெரியவந்தது.

சோதனையை 1961 முதல் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் காத்துவந்த ஜான் மெயின்ஸ்டோன், ஒரு சொட்டு விழுவதையும் கண்ணால் காணவில்லை. 1979இல் வார இறுதி முழுவதும் காத்திருந்து களைத்து வீட்டுக்குப் போன நேரத்தில் ஒன்று விழுந்தது. 1988இல் பிரிஸ்பேன் பொருட்காட்சியில் சோதனை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தபோது, ஏதேனும் குடித்துவிட்டு வரலாம் என்று அவர் வெளியே போன சில நிமிடங்களில் மற்றொன்று விழுந்தது. 2000இல் அவர் லண்டனில் இருந்தார். கண்காணிப்புக்கு வைத்த கேமரா பழுதாகி, எட்டாவது சொட்டு பதிவாகாமலே விழுந்தது. கட்டடத்துக்குக் குளிர்சாதன வசதி வந்துவிட்டதால் கீல் மேலும் இறுகி, அடுத்த சொட்டுக்கான காத்திருப்பு பதின்மூன்று ஆண்டுகளைத் தாண்டியது. பார்னெலுக்கு மறைவுக்குப் பின்னும் மெயின்ஸ்டோனுக்கு நேரிலும் 2005இல் இக் நோபல் வழங்கப்பட்டது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் நடந்துவந்த இதே போன்ற சோதனையில் ஒரு சொட்டு விழுவது 2013 ஜூலையில் முதன்முறையாகப் படம்பிடிக்கப்பட்டது. மெயின்ஸ்டோன் அடுத்த மாதமே காலமானார்.

ஒன்பதாவது சொட்டு 2014 ஏப்ரலில், புனலிலிருந்து முழுவதும் அறுபடாமலே நீண்டு இறங்கி, கீழே பீக்கரில் கிடந்த எட்டாவது சொட்டின்மேல் மெல்ல அமர்ந்தது. இரண்டும் ஒட்டிக்கொண்டால் அடுத்த சொட்டுக்கு இடமிருக்காது என்பதால், மெயின்ஸ்டோனுக்குப் பின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ வைட் பீக்கரை மாற்றிவிட முடிவுசெய்தார். மேலே கவிழ்த்திருந்த கண்ணாடி மூடியைத் தூக்கும்போது மரப்பீடம் ஆடி, சொட்டு புனலிலிருந்து முறிந்து விழுந்தது. புதிய பீக்கரின் மேலே பத்தாவது சொட்டு இப்போது உருவாகிக்கொண்டிருக்கிறது.